வாத்தியாரை யார் தயார் பண்றது? – மாகறலில் பேசியதன் எழுத்து வடிவம்

(மாகறல் மாலைநேரக் கூட்டத்தில் நம்ம தகவல் தொழில்நுட்ப அணித் தம்பி பேசியது. முழுசா போடுங்கனு நிறைய பேர் கேட்டதால, வாசிக்க வசதியா கொஞ்சம் சரிசெய்து இங்கே பதிவிடுகிறோம். நீளமான பதிவு, பொறுமையா படிங்க.)



நான் மேடைப் பேச்சாளர் கிடையாது. இன்ஜினியரிங் முடிச்சேன், ஐ.டி. விங்ல போஸ்டர் டிசைன் பண்றேன், எதிர்க்கட்சிக்காரன் புள்ளிவிவரம்னு ஏதாவது அள்ளி விட்டா அது சரியா தப்பானு தேடிப் பார்த்து பதில் போடுறேன். அப்படித் தேடினப்போ படிச்சதைத்தான் இன்னைக்குச் சொல்ல வந்திருக்கேன். தலைப்பு, ஆசிரியர் பயிற்சி. கேட்டதும் கொட்டாவி வர்ற தலைப்புதான். ஆனா நம்ம வீட்டுப் பிள்ளை எட்டு வயசுல ஒரு பக்கத்தைத் தடுமாறாம படிக்குமா படிக்காதாங்கிறது இதுலதான் இருக்கு.

முதல்ல நம்ம ஊர்க் கதை ஒண்ணு. நமக்குப் பின்னாடி ஓடுற இந்தச் செய்யாறு இன்னும் கொஞ்ச தூரம் போய் திருமுக்கூடல்ல பாலாறோட சேருது, வேகவதியும் அங்கேதான் வந்து சேருது. அந்தத் திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவர்ல வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. 11-ம் நூற்றாண்டு. அங்க ஒரு கல்விக்கூடம், மாணவர் விடுதி, 15 படுக்கை உள்ள ஆதுரசாலை எல்லாம் நடந்திருக்கு. பாடம் சொல்றவருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசுனு கணக்காக் கல்லுல வெட்டி வச்சிருக்கான். ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டியதைக் கல்லுல எழுதணும்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. ஆனா அங்கே சொல்லிக் கொடுத்தது வேதம், இலக்கணம். உட்கார்ந்து படிச்சது யாருனு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆத்துல அதே தண்ணிதான், இந்தக் கரையில தறி நெய்தவன் வீட்டுப் பிள்ளைக்கு அங்க இடம் கிடையாது.

பிறகு ஆயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவா காத்திருந்து, 1953-ல பள்ளிக்கூடத்துக்குள்ள நுழைஞ்ச பிள்ளையைப் பார்த்து ராஜாஜி என்ன சொன்னார்? அரை நாள் படி, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகுன்னார். காஞ்சிபுரத்துக்காரனுக்கு இதோட அர்த்தம் நல்லாவே புரியும். கோர்வைப் புடவை நெய்யும்போது கரைக்குத் தனி நாடா போகணும், அந்தப் பக்கம் உட்கார்ந்து நாடா தள்ள இன்னொரு கை வேணும். அது பெரும்பாலும் ஒரு சின்னப் பிள்ளையோட கையாத்தான் இருந்துச்சு. அரை நாள் பள்ளிக்கூடம்னு சட்டமாகியிருந்தா அந்தப் பிள்ளை தறிக்குழியை விட்டு ஏறியிருக்கவே ஏறியிருக்காது. இதே காஞ்சிபுரத்துல நெசவாளர் குடும்பத்துல பிறந்து, கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராவும் வேலை பார்த்த அண்ணா, அந்த 1953-ல குலக்கல்வியை எதிர்த்து மும்முனைப் போராட்டத்துல ஒரு முனையையே ஒதுக்கினார். 1954-ல ராஜாஜி பதவியை விட்டுப் போனார், காமராசர் வந்து அந்தத் திட்டத்தைத் தூக்கிப் போட்டார். 

அப்புறம் 1956-ல மதிய உணவு, 82-ல சத்துணவு, 2022 செப்டம்பர் 15-ல காலை உணவுத் திட்டம். எந்த ஆட்சியில வந்ததா இருந்தாலும் இதெல்லாம் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டுவந்த வேலை. அதுல தமிழ்நாடு ஜெயிச்சுடுச்சு. வாசலைத் தாண்டி உள்ளே போன பிள்ளைக்கு என்ன நடக்குதுங்கிறதுதான் இப்போ என் பேச்சு. இதுல நாம மார்தட்டுற மாதிரி நிலைமை இல்லை, அதையும் சொல்லித்தான் ஆகணும்.

ஏசர்னு ஒரு சர்வே. கிராமத்துல வீடு வீடாப் போய் பிள்ளைகிட்ட ஒரு தாளை நீட்டி படிக்கச் சொல்வாங்க. இரண்டாம் வகுப்புப் பாடம் ஒண்ணை மூணாம் வகுப்புப் பிள்ளை படிக்குதானு பார்ப்பாங்க. 2018-ல தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல 100-க்கு 10 பேர்தான் படிச்சாங்க. கொரோனா முடிஞ்சு 2022-ல 5 பேர்கூட இல்லை. 2024-ல 12 பேர் ஆச்சு. ஏறியிருக்கு, கொரோனாவுக்கு முன்னாடி இருந்ததையும் தாண்டியாச்சு. ஆனா 12ங்கிறது 12தான். சர்வே எடுத்த முறை சரியில்லைன்னு வாதாடலாம், நானே ட்விட்டர்ல வாதாடியிருக்கேன். வாதாடி ஜெயிச்சாலும் அந்தப் பிள்ளைக்குப் படிக்க வந்துடாது.

சரி, வாத்தியாரால அப்படி என்ன பெரிய வித்தியாசம் வந்துடும்? ஒரு கணக்கு சொல்றேன். 42-ல இருந்து 17-ஐக் கழி. விடை 25. நிறைய பிள்ளைங்க 35-னு எழுதும். ஏன்? 2-ல 7 போகாது, அதனால 7-ல இருந்து 2-ஐக் கழிச்சு 5. 4-ல 1 போனா 3. சேர்த்தா 35. அந்தப் பிள்ளை முட்டாள் இல்லை, கவனிக்காம எழுதினதும் இல்லை. ‘பெரிசுல இருந்து சின்னதைக் கழி’னு தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கிட்டு அதை ஒழுங்கா கடைப்பிடிக்குது. 

இங்க ரெண்டு வாத்தியார். ஒருத்தர் சிவப்பு மையில பெருக்கல் குறி போட்டுட்டு, 25-னு எழுதி ‘அஞ்சு தடவை எழுதிட்டு வா’ம்பார். இன்னொருத்தர் 35-ஐப் பார்த்த உடனே பிள்ளை மனசுல என்ன விதி ஓடுதுனு பிடிச்சுடுவார். பத்துப் பத்தாக் கட்டின ஈர்க்குச்சிக் கட்டு நாலு, தனிக்குச்சி ரெண்டு எடுத்து வைப்பார். ‘இதுல 17 எடுத்துக் கொடு’ம்பார். பிள்ளை தனிக்குச்சி பத்தாம முழிக்கும், தானே ஒரு கட்டைப் பிரிக்கும். அவ்வளவுதான், பத்து நிமிஷ வேலை. முதல் வாத்தியாருக்குக் கணக்கு தெரியாதா? நல்லாவே தெரியும். பிள்ளை எப்படித் தப்பா யோசிக்கும்னு தெரியாது. அது கணக்குப் பட்டப்படிப்புல வராது, அதுக்குனு தனியா யாராவது பழக்கணும். லீ ஷுல்மன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1986-லயே இதுக்கு ஒரு பேர் வச்சு எழுதினார்: பாடம் தெரியுறது வேற, அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கத் தெரியுறது வேற அறிவு.

தமிழ்லயும் இதேதான். ‘கொ’னு எழுதிக் காட்டினா கொம்பு முன்னாடி நிக்குது, கால் பின்னாடி நிக்குது, நடுவுல க. பிள்ளை இடமிருந்து வலமா ஒவ்வொண்ணா படிச்சு ‘கெ… கா’ங்கும். ஏன் அப்படிச் சொல்லுதுனு தெரிஞ்ச டீச்சர் ஒரு வாரத்துல சரி பண்ணிடுவாங்க. தெரியாதவங்க ‘இவனுக்கு வரவே வராது’ன்னுடுவாங்க. நம்ம ஊர்ப் பேரையே பாருங்க. சில போர்டுல மாகறல், சிலதுல மாகரல். ‘எது சார் கரெக்ட்?’னு ஒரு பிள்ளை கேட்டா, ர-வும் ற-வும் எப்படி வேறனு நாக்கை வச்சுக் காட்டத் தெரிஞ்ச வாத்தியார் எத்தனை பேர்? பேசாம எழுதுடா-தான் பதிலா வரும்.

ராஜ் செட்டி, இன்னும் ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் சேர்ந்து அமெரிக்காவுல ஒரு பெரிய நகரத்துல 25 லட்சம் பிள்ளைகளோட கணக்கை எடுத்து, அவங்க பெரியவங்களாகி வேலைக்குப் போற வரைக்கும் பார்த்தாங்க. சின்ன வகுப்புல நல்ல ஆசிரியர்கிட்ட ஒரே ஒரு வருஷம் இருந்தது பின்னாடி கல்லூரிக்குப் போறதுலயும் சம்பளத்துலயும் தெரிஞ்சுது. ஒரு வருஷம்! நம்ம பிள்ளை ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் அஞ்சு வருஷம் உட்காருது.

இப்போ ஆசிரியரை யார் தயார் பண்றாங்கனு பார்ப்போம். உச்ச நீதிமன்றம் அமைச்ச நீதிபதி வர்மா ஆணையம் 2012-ல அறிக்கை கொடுத்துச்சு. நாட்டுல இருக்கிற ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள்ல சுமார் 90 சதவீதம் தனியார்கிட்ட. 2000-களில் நம்ம மாநிலத்துலயும் தெருவுக்குத் தெரு பயிற்சிப் பள்ளி, பி.எட். காலேஜ் முளைச்சுது. நான் இன்ஜினியரிங் படிச்சவன், இந்த சினிமாவை ஏற்கெனவே பார்த்துட்டேன். போன வருஷம் பாஸ் பண்ணி வேலை கிடைக்காத சீனியரே இந்த வருஷம் எங்களுக்கு லெக்சரரா வந்து, பவர்பாயிண்ட்டைப் பார்த்துப் படிச்சார். பாவம், அவர் என்ன பண்ணுவார், ஒரு வகுப்பை எப்படி நடத்துறதுனு அவருக்கு யாரும் ஒரு நாள்கூட சொல்லித் தரலை. பி.எட். பக்கம் கேட்டா அங்க ‘வராமலே படிக்கலாம்’னு ஒரு ரேட், ரெக்கார்டு நோட்டு எழுதித் தர ஒரு ரேட். எல்லாக் கல்லூரியும் அப்படி இல்லை. ஆனா பி.எட். படிச்ச யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைக் கேள்விப்படாதவங்க இல்லை.

நல்லா வந்து ஒழுங்கா படிச்சவங்களுக்கும் ஒரு பிரச்சனை. பயிற்சியில சொல்லித் தர்றது ஒரு வகுப்பு, ஒரு பாடம், 40 நிமிஷம், கரும்பலகை. வேலைக்கு வந்து நிக்கிற பள்ளிக்கூடம் எப்படி இருக்கு? கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு ஆசிரியர். வகுப்பு அஞ்சு. அப்போ ஒருத்தர் ஒரே நேரத்துல ரெண்டு மூணு வகுப்பைப் பார்க்கணும். ஒரு டீச்சர் ஒண்ணாம் வகுப்புக்கு அ-னா போட்டுட்டு இருக்கும்போது மூணாம் வகுப்பு என்ன பண்ணும்? அதை எப்படி ஓட்டுறதுங்கிறது தனி வித்தை. நம்ம கிராமத்துப் பள்ளிகள்ல பாதி வேலையே அந்த வித்தைதான். பயிற்சியில அதுக்குக் கிடைக்கிற இடம் ஒரு மூலை.

பட்டுத் தறியில புதுசா உட்கார்றவன்கிட்ட முதல் நாளே ஜரிகைக் கரையைக் கொடுப்பாங்களா? பக்கத்துல உட்கார வச்சு, இழை அறுந்தா முடிய வச்சு, மாசக்கணக்குல பார்க்க வச்சுத்தான் கொடுப்பாங்க. பட்டு வீணாப் போயிடும்ல.

இந்த இடத்துல 2012-ஐச் சொல்லணும். அ.தி.மு.க. ஆட்சியில, ஜூலை 12-ம் தேதி முதல் டெட் தேர்வு. ஆறரை லட்சம் பேருக்கு மேல எழுதினாங்க. பாஸ் ஆனது 2,448 பேர். மறுபடி அக்டோபர்ல வச்சாங்க, ஒன்றரை மணி நேரத் தேர்வை மூணு மணி நேரமாக்கினாங்க, அப்பவும் சுமார் 19 ஆயிரம் பேர். எல்லாரும் ‘வாத்தியாருக்கே ஒண்ணும் தெரியலை’னு சிரிச்சாங்க, மீம்ஸ் போடாத குறை. எனக்கு அதுல சிரிப்பு வரலை. அந்த ஆறரை லட்சம் பேரும் அரசு அங்கீகாரம் கொடுத்த நிறுவனத்துல பணம் கட்டிப் படிச்சு சான்றிதழ் வாங்கினவங்க. ஃபெயில் ஆனது அவங்க மட்டுமா? அவங்களுக்குச் சான்றிதழ் கொடுத்த கூட்டம் மொத்தமும் அன்னைக்கு ஃபெயில் ஆச்சு. அவங்கள்ல ஒருத்தர்கூட தேர்வு எழுதலை, அவ்வளவுதான்.

2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருக்கு. ஓய்வுபெற 5 வருஷத்துக்கு மேல இருக்கிற ஆசிரியர் எல்லாரும் 2 வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும், இல்லைனா வேலையை விட்டுப் போகணும். 5 வருஷத்துக்குக் குறைவா இருந்தா தொடரலாம், ஆனா டெட் இல்லாம பதவி உயர்வு இல்லை. தமிழ்நாடு அரசு சீராய்வு மனு போட்டுச்சு, அது சரிதான். இருபது வருஷம் பாடம் எடுத்த டீச்சரம்மா இப்போ ராத்திரி கைடு புத்தகத்தை வச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க. டெட்ங்கிறது 150 கேள்வி, நாலு விடையில ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். 35-னு எழுதின பிள்ளைகிட்ட என்ன பண்ணுவீங்கனு அது கேட்காது, கேட்டாலும் அதுல தெரியாது.

ஆனா இதுக்கு நம்ம ஆட்கள் போடுற பதில் போஸ்டும் எனக்குப் பிடிக்கலை. ‘ஆசிரியரைச் சோதிக்காதே’ன்னு மட்டும் போட்டா, பிள்ளையைப் பெத்தவங்க நம்மளைத்தான் சந்தேகமாப் பார்ப்பாங்க. சோதிக்காதேன்னா அதுக்குப் பதிலா என்ன பண்ணப் போறோம்னும் சொல்லணும்.

என்ன பண்ணலாம்ங்கிறதுக்கு நம்ம மாநிலத்துலயே பாடம் இருக்கு. 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல, அப்போ ஆணையரா இருந்த எம்.பி.விஜயகுமார் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். ஆந்திராவுல ரிஷிவேலி பள்ளிக்கு ஆசிரியர்களை அனுப்பி, அங்க பிள்ளைகள் அட்டையை வச்சுத் தானாப் படிக்கிறதை நேர்ல பார்க்க வச்சாங்க. பார்த்துட்டு வந்தவங்கதான் இங்க அட்டை தயாரிச்சாங்க, நாற்காலியை விட்டு இறங்கித் தரையில உட்கார்ந்தாங்க. 2007-ல கழக ஆட்சியில அது மாநிலம் முழுக்க 37 ஆயிரம் பள்ளிகளுக்கு மேல போச்சு. என் கருத்தைச் சொல்றேன், கோபப்படாதீங்க: அட்டை போன வேகத்துக்குப் பயிற்சி போகலை. பல இடத்துல அட்டை அலமாரியில தூங்குச்சு. நல்ல திட்டம், ஆசிரியர் கைக்குப் பழகுறதுக்குள்ள உத்தரவாப் போயிடுச்சு.

கொரோனாவுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபர்ல ஆரம்பிச்சுது. சுமார் ரெண்டு லட்சம் தன்னார்வலர்கள், முக்கால்வாசிக்கு மேல நம்ம தெருப் பெண்கள், மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கார்த்திக் முரளிதரன் குழு தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளைச் சோதிச்சுப் பார்த்தாங்க. பள்ளி திறந்து ஆறே மாசத்துல, இழந்த படிப்புல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்திருச்சு. அந்த மீட்புல சுமார் நாலுல ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால வந்ததுனு கணக்குப் போட்டாங்க. பி.எட். இல்லாத அக்காங்க!

உடனே ஒருத்தர் கேட்பார், அப்போ பயிற்சியே வேண்டாமே, 1,000 ரூபாய்க்கு ஆள் போட்டுடலாமேனு. இந்த வாதம் புதுசு இல்லை. ஆந்திராவுல இதே முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் செஞ்ச ஆய்வுல, கம்மிச் சம்பள ஒப்பந்த ஆசிரியர்கள் நிரந்தர ஆசிரியர்களுக்குக் குறைஞ்சவங்க இல்லைனுதான் வந்துச்சு. அதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கச் சொல்றவங்க இருக்காங்க. நான் அதை வேற மாதிரி படிக்கிறேன். நிரந்தர ஆசிரியருக்குக் கொடுத்த ரெண்டு வருஷப் படிப்பு, படிக்காதவங்களைவிட அவங்களை மேல தூக்கலைனா, அந்தப் படிப்புல ஓட்டை. இல்லம் தேடிக் கல்வி அக்காங்களுக்கு என்ன இருந்துச்சு? கையில பாடப்பொருள், அதை எப்படி நடத்துறதுனு குறிப்பான பயிற்சி, கொஞ்சம் பிள்ளைகள், எந்தப் பிள்ளை எங்க நிக்குதோ அங்க இருந்து தொடங்குற சுதந்திரம். இதை நிரந்தர ஆசிரியருக்கும் கொடுத்துப் பாருங்க.

கொடுக்கவும் செஞ்சாங்க. 2022 ஜூன் 13-ல திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்துல தொடங்கின எண்ணும் எழுத்தும். அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளையோட நிலைக்கு ஏத்தபடி பிரிச்சு நடத்துறது. முதல்ல மூணாம் வகுப்பு வரை, பிறகு அஞ்சு வரை. பருவத்துக்குப் பருவம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. யோசனை அருமை. ஆனா டீச்சர்கள்கிட்ட உட்கார்ந்து பேசிப் பாருங்க: ‘ஆப்ல ஏத்துறதுக்கே நேரம் சரியா போகுது தம்பி, நெட் வேற சுத்திட்டே இருக்கு’ம்பாங்க. ஆப் எழுதுறவன் நான், சொல்றேன்: வகுப்பறையில டேட்டா ஏத்துற ஒவ்வொரு நிமிஷமும் ஈர்க்குச்சிக் கட்டுகிட்ட இருந்து பிடுங்கின நிமிஷம். இதை நம்ம அரசுகிட்ட நாமதான் சொல்லணும். 2022-ல காலியிடத்துக்கு 7,500 ரூபாய்க்குத் தற்காலிக இடைநிலை ஆசிரியர் போட்டதையும், எதிர்க்கட்சியா இருந்தா நாம சும்மா விட்டிருக்க மாட்டோம்.

ஒன்றிய அரசையும் விட முடியாது. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலைனு 2024-25-க்கான சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வச்சாங்க. பலர் நினைக்கிறாங்க, அது ஏதோ கட்டடக் காசுனு. வட்டார வள மையத்துல இருக்கிற ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் பணம் அந்தக் கணக்குல இருந்துதான் வருது. ஒரு டீச்சர் ஒரு தப்பான வழக்கத்தை மாத்திக்க ஆறு மாசம் யாராவது வகுப்புக்கே வந்து கூட நிக்கணும். கூட நிக்கிற அந்த ஆளோட சம்பளத்துல கை வச்சுட்டு, இன்னொரு பக்கம் கல்வித் தரம்னு லெக்சர் கொடுக்கிறாங்க.

நம்ம மாவட்டத்துக்கு ஒரு டயட், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், களியனூர்ல இருக்கு. எத்தனை பேர் அதை எட்டிப் பார்த்திருக்கோம்? தொகுதிக்கு ஒரு மேம்பாலம் கேட்டு மனு கொடுக்கிறோம், டயட்ல எத்தனை விரிவுரையாளர் இடம் காலினு ஒருத்தரும் கேட்டு மனு கொடுத்தது இல்லை.

ஐ.டி. விங் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்க, கிராம சபைக்கும் போங்க. ஃபோட்டோ எடுத்துட்டு வந்துடாதீங்க. மூணு கேள்வி கேளுங்க. நம்ம பள்ளி டீச்சர்கள் கடைசியா எந்தப் பயிற்சிக்குப் போனாங்க, அதுல எது வகுப்புக்கு உதவுச்சு? பயிற்றுநர் இந்தப் பருவத்துல எத்தனை தடவை வந்து வகுப்புல உட்கார்ந்தார்? எந்த வேலையை எடுத்துட்டா டீச்சருக்குப் பாடத்துக்கு நேரம் கிடைக்கும்? டீச்சரை மிரட்டுற தொனியில கேட்காதீங்க, அவங்க பக்கம் நின்னு கேளுங்க. பதிலை எழுதி இந்தப் பக்கத்துக்கு இன்பாக்ஸ்ல அனுப்புங்க, பள்ளி பேர், டீச்சர் பேர் வேண்டாம். வர்றதை ஒண்ணாச் சேர்த்து மாவட்டக் கழகத்துகிட்ட கொடுக்கிறது என் பொறுப்பு.

மைக்கைக் கேட்டு அண்ணன் ரொம்ப நேரமா நிக்கிறார்.